தலைவலி என்றால் நம்புங்கள்

(புதுச்சேரி நெல்லித்தோப்பில் பொதுமக்களுக்காக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். தலைவலியில் பெரும்பாலான வகைகளுக்கு அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை கிடையாது. ஒற்றைத் தலைவலியால் வருடக்கணக்காகத் துடிக்கிற ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் வரும். உடனே வீட்டில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். "ஒண்ணுமே இல்லைன்னு ஸ்கேன்லயே வந்துடுச்சே, அப்புறம் என்ன?" அந்த ஒரு வார்த்தையோடு அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள். பெண் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

எந்த வகைத் தலைவலி என்று கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கிற முதல் கருவி நோயாளியின் பேச்சு. எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வாந்தி வருகிறதா, வெளிச்சம் பிடிக்காமல் போகிறதா, படுத்தால் சுகமா, நடந்தால் சுகமா. இதைப் பொறுமையாகச் சொல்ல நோயாளிக்கும், கேட்க மருத்துவருக்கும், நம்ப வீட்டாருக்கும் மனம் வேண்டும். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழியில்தான் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது, 1964-இல் அது ஜிப்மர் ஆனது. கோரிமேட்டில் இருக்கும் அந்த மருத்துவமனைக்குப் போனால் எல்லாக் கருவியும் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை எந்தக் கருவியும் நமக்காகப் பேசிவிடாது.

வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். "மூளை வலிக்குது டாக்டர்" என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. மூளைக்கு வலி தெரியாது. சில அறுவைகளில், மண்டையோட்டைத் திறக்கும்போது தோலை மரக்கச் செய்துவிட்டு, நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே மூளையில் அறுவை செய்கிறார்கள். வலிப்பது மூளையைப் போர்த்தியிருக்கிற சவ்வும், அதில் ஓடும் ரத்தக்குழாய்களும், மண்டைக்கு வெளியே இருக்கிற தசைகளும். முகத்துக்கும் நெற்றிக்கும் வருகிற முப்பிரிவு நரம்பும், கழுத்தின் மேல்பகுதியிலிருந்து பின்மண்டைக்கு ஏறுகிற நரம்புகளும் அந்த வலியைச் சுமந்து போகின்றன. இரண்டும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் கழுத்தில் தொடங்குகிற தொல்லை கண்ணுக்குப் பின்னால் வலியாகத் தெரிகிறது.

தலைவலி வகைகளுக்கென்று உலகம் முழுக்க ஒரே பட்டியல் வைத்திருக்கிறார்கள். 1988-இல் முதலில் வந்தது, மூன்றாம் பதிப்பு 2018-இல். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் அதில் இருக்கின்றன. நமக்கு இரண்டு பெரிய பிரிவு தெரிந்தால் போதும். வேறு நோய் எதுவும் இல்லாமல் தலைவலியே நோயாக இருப்பது ஒன்று. வேறொரு நோயின் அடையாளமாக வருவது மற்றொன்று. முதல் பிரிவுதான் மிகப் பெரும்பான்மை.

எவ்வளவு பெரும்பான்மை? பக்கத்துக் கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரைக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குள் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 64 பேர். ஒற்றைத் தலைவலி மட்டும் நூற்றுக்கு 25 பேருக்கு. பெண்களில் அது 32, ஆண்களில் 18 அல்லது 19. உலகச் சராசரி ஏழு பேரில் ஒருவர் என்கிறார்கள். அங்கே நான்கில் ஒருவர். இந்தக் கூடத்தில் நூறு பேர் இருந்தால் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஒற்றைத் தலைவலியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். ஒற்றை என்று பெயர் இருந்தாலும் இரண்டு பக்கமும் வரலாம். விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால், குனிந்து பெருக்கினால் கூடும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். வலி வருவதற்கு முந்தைய நாளே கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், ஏதாவது ஒன்றைச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை எல்லாம் தலைகாட்டும்.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் மாதிரி வளைந்து வளைந்து ஒரு கோடு தோன்றி, நடுவில் ஒன்றும் தெரியாமல் போய், அரைமணி நேரத்தில் மறையும். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க அறிஞருக்கு இது அடிக்கடி வரும். அவர் பயந்து உட்காரவில்லை. அந்தக் கோடு கண்முன் எப்படி நகர்கிறது என்று ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வரைந்து வைத்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று கணக்குப் போட்டு 1941-இல் எழுதினார். மூன்றே வருடத்தில், 1944-இல், பிரேசில் நாட்டு மருத்துவர் அரிஸ்டிடெஸ் லியாவோ முயலின் மூளையில் அதேபோல் மெல்லப் பரவும் ஒரு மின் அலையைக் கண்டார். வேகமும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் ஒன்றுதான் என்று பிற்பாடு உறுதியானது. தனக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நோயாளி கவனமாகச் சொன்ன சொல்லில் எவ்வளவு அறிவியல் இருந்தது பாருங்கள்.

பிறகு என்ன நடக்கிறது என்றால், முப்பிரிவு நரம்பின் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு பொருளைக் கசியவிடுகின்றன. அது சவ்வில் இருக்கும் ரத்தக்குழாய்களை விரியச் செய்து, நரம்பை மேலும் தூண்டுகிறது. வலி நடக்கும்போது கழுத்து ரத்தத்தில் அந்தப் பொருள் கூடியிருப்பதை 1990-இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் 2018-இலிருந்து கிடைக்கின்றன. இந்த வழியைக் கண்டுபிடித்த நால்வருக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு கொடுத்தார்கள். ஆகவே இது மனப்பிரமை இல்லை, வேலைக்குப் பயந்து போடும் நடிப்பும் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருகிற நரம்பு நோய்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். ஒரு மஞ்சப்பையில் ஸ்கேன் படம், கண் டாக்டர் சீட்டு, மூக்குக்குப் போட்ட மருந்துச் சீட்டு எல்லாம் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாம் நார்மல். "எந்தக் கிழமை அதிகம் வருதும்மா?" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சார்" என்றார். வெள்ளிக்கிழமை என்ன செய்வார்? காலையில் தலைக்குக் குளிப்பார். இடுப்பு வரை முடி. காயாமல் முடிந்துகொண்டு சமையலுக்குப் போவார். மதியம் வரை விரதம். சாம்பிராணிப் புகை. தலையில் ஒரு பந்து மல்லிகை. பிற்பகல் மூன்று மணிக்குள் வாந்தி.

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் அம்மாக்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். "நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் இது கிடையாது. அங்கே இவ்வளவு நீள முடியை ஈரத்தோடு முடிந்துகொள்கிற வழக்கம் இல்லை. மும்பையில் தலைவலிக்கென்றே கிளினிக் நடத்திய டாக்டர் கே. ரவிசங்கர் இதைக் காதுகொடுத்துக் கேட்டார். தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி கிளம்புகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் சர்வதேசத் தலைவலி இதழில் எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் சொன்னது அன்றைக்குத்தான் அச்சில் ஏறியது. தலைக்குள் நீர் இறங்குவதில்லை. ஆனால் குளியலுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு.

அந்தத் தையல்கார அம்மாவிடம் விரதத்தை விடச் சொல்லவில்லை. அது அவர் நம்பிக்கை. தலைக்குக் குளிப்பதை வேறொரு நாள் மாலைக்கு மாற்றி, முடியை முழுக்க உலர்த்தச் சொன்னேன். விரதத்தில் மோராவது இளநீராவது நேரத்துக்குக் குடிக்கச் சொன்னேன். கூடவே தினமும் ஒரு தடுப்பு மாத்திரை. அந்த மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒற்றைத் தலைவலியைத் தடுக்கக் கொடுக்கிற மருந்துகளில் சில ரத்த அழுத்தத்துக்கும், சில மனச்சோர்வுக்கும், சில வலிப்புக்கும் வந்தவை. செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு மனநோய்னு சொல்றீங்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதே மருந்து குறைந்த அளவில் தலைவலியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மாதமாவது விடாமல் சாப்பிட்டால்தான் பலன் தெரியும்.

தூண்டுகிற மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பசி, தூக்கக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை அதிகத் தூக்கம், உச்சி வெயில், பெயின்ட் வாசனை, பஸ்ஸில் டீசல் வாசனை, மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு நாள். நம் ஊர் ஏ.எஃப்.டி. துணி மில்லில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்டு பார்த்தவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், ஷிப்டு மாறும் வாரம் வலி வரும் என்பார்கள். உலக அளவில் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பின் ஏற்ற இறக்கம் முக்கியக் காரணம். கர்ப்ப காலத்தில் பலருக்குக் குறையும், மாதவிலக்கு நின்றபின் பலருக்கு அடங்கும். கண்ணில் மின்னல் தெரிகிற வகை இருக்கும் பெண்கள் கருத்தடை மாத்திரை எடுக்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சில மாத்திரைகள் கூட்டும்.

'பெண்' என்று சொன்னதற்கு நான் முதலில் பாக்கி வைத்த காரணம் இதுதான். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையில் பாண்டியன் அவையில் ஆடல் நடக்கிறது. அரசி கோப்பெருந்தேவி மனத்தில் ஊடலை மறைத்துக்கொண்டு, தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அரசன் அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில்தான் கோவலன் வழக்கை விசாரிக்காமல் தீர்த்துவிடுகிறான். பெண் தலைவலி என்றால் அது சாக்கு என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு பழையது பாருங்கள். காவியத்தில் அது சாக்காக இருக்கட்டும். நம் வீட்டில் மாதம் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்திருக்கிற மருமகளுக்கு அது சாக்கு இல்லை. அந்த நாலு நாளும் அவளுக்கு வாழ்க்கையிலிருந்து போன நாட்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்திலும் இதையே சொல்கிறேன். பரீட்சை அன்று வலி வந்தால் பயத்தில் கிளம்பிய உண்மையான வலியாக இருக்கலாம்.

அடுத்தது இறுக்கத் தலைவலி. எண்ணிக்கையில் இதுதான் அதிகம், துன்பத்தில் குறைவு. தலையைச் சுற்றி நாடா கட்டி இறுக்கினாற்போல் இரண்டு பக்கமும் வரும். வாந்தி வராது. நடமாடினால் வலி அதிகமாகாது. அரைமணி நேரமும் இருக்கும், ஒரு வாரமும் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து செல்போன் பார்ப்பது, தூக்கமின்மை, கவலை எல்லாம் கழுத்துத் தசையைக் கெட்டிப்படுத்தும். வெந்நீர் ஒத்தடம், கழுத்துக்குப் பயிற்சி, நடை ஆகியவை பலருக்கு நன்றாக வேலை செய்யும். தைலம் தடவலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தடவுங்கள். நாகேஸ்வரராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கி 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நம் நெற்றியெல்லாம் அந்த வாசனைதான். மெந்தால் தோலைக் குளிரச் செய்து வலியை உணர விடாமல் திசைதிருப்புகிறது. சுக்குப் பற்றும் ஏறக்குறைய அப்படித்தான். கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் கெடுதல் இல்லை.

கெடுதல் எங்கே இருக்கிறது என்றால் மாத்திரையில். தெருமுனைக் கடையில் "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்கி, டீயோடு விழுங்குகிறோம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை எடுத்தால், அல்லது இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ எடுத்தால், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடலாம். எப்போதோ வந்த வலி தினமும் வரும். விடியும்போதே வலியோடு எழுவார்கள். எழுந்ததும் மாத்திரை, சாயங்காலம் இன்னொன்று. நிறுத்தினால் முதல் வாரம் வலி கூடும், அதைத் தாங்க முடியாமல் மறுபடி எடுப்பார்கள். அந்த முதல் வாரத்தை மருத்துவர் துணையோடு கடந்துவிட்டால் மிகப் பலருக்குப் பழைய நிலை திரும்புகிறது. சிறுநீரகமும் வயிறும் தப்பிக்கும். தயவுசெய்து வீட்டில் மூத்தவர்களின் தலையணைக்கடியில் எத்தனை அட்டை இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

காப்பியும் இப்படித்தான். நம் விண்ணேற்பு அன்னை ஆலயப் பங்கு மக்களில் தவக்காலத்தில் காப்பியை விடுகிறவர்கள் உண்டு. நாலு வேளை காப்பி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலை வலிக்கும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். விடுவதானால் சிறுகச் சிறுகக் குறைத்து விடுங்கள்.

கொத்துத் தலைவலி என்று ஒன்று உண்டு. அரிதானது, ஆனால் கொடியது. ஆண்களுக்கு அதிகம். ஒரு கண்ணைச் சுற்றிக் கம்பியைக் காய்ச்சிச் சொருகினாற்போல் வரும். அந்தக் கண் சிவந்து நீர் கொட்டும், அதே பக்கம் மூக்கு ஒழுகும். கால்மணியிலிருந்து மூன்று மணி நேரம். ஒற்றைத் தலைவலிக்காரர் அசையாமல் படுத்திருப்பார். இவரால் படுக்கவே முடியாது. என்னிடம் வந்த ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு, தினமும் அதே நேரத்துக்கு, எழுந்து தெருவில் நடப்பார், சுவரில் நெற்றியை முட்டிக்கொள்வார். ஆறு வாரம் அப்படி. பிறகு ஒரு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. காற்று கருப்பு என்று தாயத்து கட்டியிருந்தார்கள். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்ததும் கால்மணி நேரத்தில் வலி அடங்கியது. கட்டில் ஓரம் நின்றிருந்த அவர் மனைவி அழுதுவிட்டார்.

தவறாகப் பழி ஏற்கிற மூன்று பேரையும் சொல்லிவிட வேண்டும். சைனஸ், கண் பவர், பிரஷர். உண்மையான சைனஸ் தொற்றில் பெரும்பாலும் காய்ச்சலோ மூக்கில் சீழோ இருக்கும். சைனஸ் என்று வருடக்கணக்காக மருந்து எடுப்பவர்களில் மிகப் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. கண்ணாடி மாற்றினால் எல்லாத் தலைவலியும் போகாது. ரத்த அழுத்தம் 180-க்கு மேல் கிடுகிடுவென ஏறினாலொழிய பொதுவாகத் தலைவலி தராது. தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று நிறுத்துகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும்.

இனி, காத்திருக்கக் கூடாத தலைவலிகள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்நாளில் வராத அளவு வலி: மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து மடங்காமல் விறைத்தால் மூளைச்சவ்வுக் காய்ச்சல். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்து, நெற்றிப்பொட்டு நோவும் மெல்லும்போது தாடை வலியும் இருந்தால், ரத்தக்குழாய் அழற்சி; தாமதித்தால் பார்வை போய்விடும். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்ணில் அழுத்தம். கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு ஏதாவது சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். ஜிப்மருக்கும் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். அதுவரை சாதாரண போதை. மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். "நேத்து குடிச்சது, தூங்கினா சரியாகிடும்" என்று விட்டால் கண் போகும், உயிரும் போகும். குடித்தவருக்கு மறுநாள் தலைவலியோடு பார்வை மங்கினால் மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். மருந்தும் டயாலிசிசும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போலீஸ் கேட்குமே என்று மறைக்கவும் வேண்டாம்.

கடைசியாகப் பிள்ளை பெற்றவர்கள். பிரசவத்துக்குப் பின் சில வாரம் ரத்தம் எளிதில் உறையும். உடம்பில் நீர் வற்றினால் இன்னும் எளிதில் உறையும். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் அப்படி உறைந்தால், முதலில் வருவது தலைவலி. நாளுக்கு நாள் கூடும். பிறகு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு. முன்பெல்லாம் இதைப் பிரசவ ஜன்னி என்று ஒதுக்கிவிட்டார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி வரும், வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு படுக்கவைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாட்டிமார்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாகம்தான் ஆபத்து. பால் கொடுக்கிறவளுக்குக் கேட்கிற அளவு தண்ணீர் கொடுங்கள். முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் ஆனவளுக்கு, உட்கார்ந்தால் வந்து படுத்தால் போகிற தலைவலி சில நாளில் வரலாம். அதைப் பெரும்பாலும் எளிதில் சரிசெய்யலாம். படுத்தாலும் போகாமல் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால், நேரத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்லபடி வீடு திரும்புகிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தலைவலி வந்த தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், அன்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிலக்கு நாளா, என்ன மாத்திரை எத்தனை. இவ்வளவுதான். மூன்று மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கணவர் எழுதினால் இன்னும் நல்லது, வலியின் கணக்கு அவருக்கும் தெரியும்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். மைக்கைப் பின்வரிசைத் தாய்மார்களிடம் முதலில் கொடுங்கள்.